அப்பாவின் பழைய எக்ஸ்பி ஹார்ட் டிஸ்க்கை என் புதுக் கம்ப்யூட்டரில் போடுவது எப்படி?

செந்தூல்காரி:
வணக்கம். அப்பாவின் பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது, இதற்கெல்லாம் இப்போது பொருள் கிடைக்காது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் போனால் போகட்டும். ஹார்ட் டிஸ்க்கில் பத்துமலைத் தைப்பூசப் படங்களும், அப்பா கோயில் கமிட்டிச் செயலாளராக இருந்தபோது தமிழில் அடித்து வைத்த கூட்டக் குறிப்புகளும் இருக்கின்றன. வேறு எங்கும் நகல் இல்லை.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11. மூடியைத் திறந்து பார்த்தால் இந்த டிஸ்க்கின் கேபிள் மாட்ட இடமே இல்லை. எப்படிப் போடுவது? முடிந்தால் டிஸ்க்கில் இருக்கும் அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பியையே ஓட வைக்க ஆசை. அப்பாவுக்கு அந்தத் திரைதான் பழக்கம்.

கிள்ளான் பையன்:
பயாஸ் என்ற தொடக்க அமைப்புக்குள் போய், அந்த டிஸ்க்கிலிருந்து முதலில் பூட் ஆகச் சொன்னால், அதாவது ஆரம்பிக்கச் சொன்னால் ஓடும். நான் செய்திருக்கிறேன்.

பிறை அங்கிள்:
தம்பி, ஒரே மாதிரி மதர்போர்டு இரண்டுக்கு நடுவே மாற்றினால் ஓடியிருக்கும். இங்கே நடக்காது. எக்ஸ்பி தன்னை நிறுவிய மதர்போர்டின் டிஸ்க் கன்ட்ரோலருக்கு மட்டும்தான் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், வைத்திருக்கும். வேறு இடத்தில் மாட்டினால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். போதாததற்கு, புது மதர்போர்டுகள் பலவற்றில் எக்ஸ்பிக்கு வேண்டிய பழைய வகை பூட்டே இல்லை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8ஆம் தேதி. அதை இன்டர்நெட்டில் விடவும் கூடாது.

தங்கச்சி, எக்ஸ்பி ஆசையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஃபைல்களை வெளியே எடுப்போம். டிஸ்க்கின் பின்பக்கம் எப்படி இருக்கிறது, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்.

செந்தூல்காரி:
இரண்டு வரிசையாக நிறைய ஊசிகள், நடுவில் ஒன்று மட்டும் இல்லை. உடைந்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது. பக்கத்தில் நான்கு தடித்த ஊசிகள். இரண்டுக்கும் இடையில் குட்டியாக ஒரு பிளாஸ்டிக் மூடி. லேபிளில் 80 ஜிபி, 2004, மலேசியத் தயாரிப்பு என்று இருக்கிறது. மேலே ஒரு சின்ன ஓட்டை வேறு. தூசி போகாமல் டேப் ஒட்டட்டுமா?

பாயான் லெப்பாஸ்:
டேப் ஒட்ட வேண்டாம்! அது டிஸ்க் மூச்சு விடும் வழி. உள்ளே வடிகட்டி இருக்கிறது, தூசி போகாது. உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருந்தால்தான் டேட்டாவைப் படிக்கும் ஹெட், சுற்றும் தட்டைத் தொடாமல் அதற்கு மேலே மிதக்கும். நான் டிஸ்க் பாகங்கள் செய்யும் ஆலையில் இருந்தவன், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் சத்தம் போடுவேன். சுற்றிக்கொண்டிருக்கும்போது தூக்காதீர்கள், சாய்க்காதீர்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள், நம் ஊர் ஈரக் காற்றில் வியர்க்கும்.

மலேசியத் தயாரிப்பு என்பதைப் படித்ததும் ஒரு சந்தோஷம். ஹார்ட் டிஸ்க் நிறுவனமான வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெட்டாலிங் ஜெயா ஆலையையே 2019க்குள் மூடுவதாக 2018இல் அறிவித்துவிட்டார்கள்.

பிறை அங்கிள்:
ஊசி உடையவில்லை. கேபிளைத் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே ஒன்றை விட்டிருக்கிறார்கள். இது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க். இப்போது எல்லாரும் பயன்படுத்தும் சாட்டா வேறு, அது மெல்லிய கேபிள். உங்கள் கம்ப்யூட்டருக்குள் இதை மாட்டவே வேண்டாம். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் யுஎஸ்பியிலிருந்து ஐடிஇக்கு மாற்றும் அடாப்டர் கேளுங்கள். தனி பவர் அடாப்டர் சேர்ந்து வர வேண்டும், அதைப் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். இந்த 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். வெறும் கேபிளை மட்டும் கொடுத்து இது போதும் என்பார்கள். அது லேப்டாப் டிஸ்க்குக்குத்தான் சரி.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மாட்டியதும் விண்டோஸ் ஃபார்மேட் செய்யட்டுமா, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று ஏதாவது கேட்டால் வேண்டாம் என்று மூடிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

செந்தூல்காரி:
வாங்கிவிட்டேன், ஐம்பது வெள்ளிக்குள்தான். மாட்டினால் டிஸ்க் சுற்றும் சத்தம் சீராகக் கேட்கிறது, டக் டக் என்று எதுவும் இல்லை. ஆனால் திஸ் பிசியில் ஒன்றுமே வரவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் இல்லை.

பிறை அங்கிள்:
சத்தம் சீராக இருப்பது நல்ல செய்தி. டக் டக் என்று கேட்டிருந்தால் உடனே நிறுத்தி, டேட்டா மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் சொன்ன அந்தக் குட்டி மூடியின் பெயர் ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டிய காலத்தில் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று அதை வைத்துத்தான் சொல்வோம். அப்பாவின் கம்ப்யூட்டரில் இது இரண்டாவதாக இருந்திருக்கலாம். யுஎஸ்பி அடாப்டர்கள் பெரும்பாலும் மாஸ்டரைத்தான் எதிர்பார்க்கும். லேபிளில் படம் போட்டிருக்கும், அதன்படி மாற்றுங்கள். சில டிஸ்க்கில் தனியாக மாட்டும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டும், அதுவும் படத்தில் இருக்கும். மாற்றும்போது கரண்ட் இருக்கக் கூடாது. அப்புறம் டேட்டா பக்கத்தை மாட்டிவிட்டு, பவரைக் கொடுத்து, சுற்றும் சத்தம் நிலைத்த பிறகு யுஎஸ்பியைச் செருகுங்கள்.

செந்தூல்காரி:
வந்துவிட்டது!! ஜம்பர்தான். ஸ்லேவில் இருந்தது. இப்போது இ என்ற எழுத்தில் காட்டுகிறது. ஆனால் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸில் அப்பாவின் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. அப்பா பாஸ்வேர்டு வைத்திருந்தார். அதைக் கேட்கக்கூட இல்லை.

கிள்ளான் பையன்:
விண்டோஸில் டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

பிறை அங்கிள்:
வேண்டாம் தங்கச்சி, செக்டிஸ்க் டிஸ்க்கில் எழுதும். நகல் எடுக்காத பழைய டிஸ்க்கில் எதையும் எழுத விடக் கூடாது. கண்டின்யூ பட்டனை அமுக்கினால் திறக்கலாம், ஆனால் அதுவும் ஒவ்வொரு ஃபைலின் அனுமதியையும் மாற்றி எழுதிக்கொண்டே போகும்.

என் வழி இது. விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென் டிரைவில் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரை ஆரம்பியுங்கள். நிறுவ வேண்டாம், டிரை என்று வருவதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அது விண்டோஸின் அனுமதியைப் பொருட்படுத்தாது, ஃபோல்டர் அப்படியே திறக்கும். எக்ஸ்பியின் உள்நுழைவுப் பாஸ்வேர்டு ஃபைல்களைப் பூட்டுவதில்லை. அப்பா தனியாக என்கிரிப்ட் செய்திருந்தால்தான் சிக்கல், வீட்டுக் கம்ப்யூட்டரில் அது அபூர்வம். இன்னொரு வெளி டிஸ்க்கை மாட்டி, மை டாக்குமென்ட்ஸ் மட்டும் என்று நிற்காமல் அப்பாவின் ஃபோல்டர் முழுவதையும் அதில் நகலெடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருந்தால் மெயில்கள் மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும்.

நகலெடுக்கும்போது ஏதாவது ஒரு ஃபைலில் நின்றுவிட்டால் அதையே திரும்பத் திரும்ப முயல வேண்டாம். தாண்டிவிட்டு மற்றதை எடுங்கள்.

செந்தூல்காரி:
அங்கிள், எல்லாம் வந்துவிட்டது! வெள்ளி ரதம், காவடி, தம்பி குழந்தையாக இருக்கும் படம் எல்லாம். ஒன்றிரண்டு படம் மட்டும் பாதியில் சாம்பல் நிறமாக நிற்கிறது, பரவாயில்லை. ஆனால் அப்பாவின் கூட்டக் குறிப்புகளை வேர்டில் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கொம்பு முளைத்த எழுத்துமாகக் கலந்து வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பாயான் லெப்பாஸ்:
கெடவில்லை, யூனிகோட் பரவுவதற்கு முந்தைய தமிழ் அது. நம் நாட்டில் அப்போது பலரும் முரசு அஞ்சல் என்ற மென்பொருளில்தான் அடித்தோம். எழுத்துருவை வைத்தால்தான் தமிழாகத் தெரியும். 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற எழுத்துக் குறியாக்கங்கள் வேறு வந்தன, டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கமும் இருந்தது. வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருப் பெயரைப் பாருங்கள். டிஎஸ்சி என்று தொடங்கினால் பெரும்பாலும் டிஸ்கி.

அந்த எழுத்துரு உங்கள் கையில்தான் இருக்கிறது. பழைய டிஸ்க்கில் விண்டோஸுக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டர். அதையும் உபுண்டுவிலேயே நகலெடுங்கள். விண்டோஸில் திறந்தால் அந்த டிஸ்க்கின் எழுத்துருக்களுக்குப் பதில் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பவற்றையே காட்டிக் குழப்பலாம். நிறுவியதும் குறிப்புகள் தமிழாகிவிடும். நிரந்தரமாக யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம். ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் கலந்திருந்தால் தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியாக எடுத்து மாற்றுங்கள், இல்லையென்றால் ஆங்கிலமும் உளறலாகும்.

செந்தூல்காரி:
டிஸ்கிதான்! உபயதாரர் பட்டியலிலிருந்து அன்னதானக் கணக்கு வரை வரிக்கு வரி வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. இந்த 80 ஜிபி டிஸ்க்கைத் துடைத்துவிட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? நன்றாகத்தான் சுற்றுகிறது.

பிறை அங்கிள்:
துடைக்காதீர்கள். பாதியில் நின்ற அந்தப் படங்கள் சும்மா அப்படி ஆகியிருக்காது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால் பென்டிங் செக்டர், அதாவது படிக்கச் சிரமப்படும் இடங்கள், காட்டும் என்று நினைக்கிறேன். பேக்கப்புக்குப் புது டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றைத் தம்பி வீட்டில் வையுங்கள். இதை ஈரம் படாத டப்பாவில் போட்டு, ஜம்பர் மாற்றியதை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எக்ஸ்பி திரைக்கு வேறு இழை போடுங்கள், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் செய்வதைச் சொல்கிறேன்.