புதுப்பிப்பு: மதுரையிலிருந்து காஷ்மீரின் குல்மார்க், பனிக்காலமா கோடையா?

பையனுக்குப் பனிச்சறுக்கு ஆசை, அம்மாவுக்கு மூட்டுவலி. ஜனவரியில் போகலாமா, ஜூனிலா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜனவரியில் பையனோடும் ஜூனில் அம்மாவோடும் போய்வந்தாச்சு.

பெரிதும் கைகொடுத்தது, "தங்மார்க்கில் இறங்கி, சக்கரத்தில் சங்கிலி போட்ட வண்டிக்கு மாறிடுங்க" என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனை. தங்மார்க், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து மேலே குல்மார்க் வரை சுமார் 13 கிலோமீட்டரும் உறைபனி. கோட்டு, பூட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன, மதுரையிலிருந்து சுமக்க வேண்டாம். போஸ்ட்பெய்டு சிம் வாங்கச் சொன்ன அக்காவுக்கும் நன்றி. வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே எடுபடாது.

எதிர்பாராதது: கேபிள் காருக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்திருந்தும், பலத்த காற்றால் அபர்வத் மலைக்குப் போகும் இரண்டாம் கட்டம் ஓடவில்லை. பையனுக்கு அதனால் குறையில்லை. கீழே இருக்கும் சின்னச் சரிவில்தான் பயிற்சியே. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, குதிகால்களை அகட்டி அழுத்தினால் வேகம் குறைகிறது. அதைப் பிடித்த பிறகு அவன் பயமில்லாமல் இறங்கினான், பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

ஜூனில் அதே சரிவு முழுக்கப் பச்சைப்புல், குதிரைச் சவாரி. முதியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த மாதம்தான் சரி. அம்மா முதல் கட்டமான கொங்டூரியோடு நின்றுகொண்டார். நாங்கள் மேலே போனோம். கிட்டத்தட்ட 3,900 மீட்டர், அப்போதும் திட்டுத்திட்டாகப் பனி! வெயில் பனியில் பட்டுத் தெறிப்பதால் கருப்புக் கண்ணாடியைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.