நெட்ல கெடந்தா யாரு வேணா எடுக்கலாமா? மண்டபம் பக்கம் ஒரு வகுப்புல நடந்தது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர் பக்கம் ஒரு மிடில் ஸ்கூல்ல எட்டாவதுக்கு எடுக்குறேன். மன்னார் வளைகுடா பத்தி சார்ட் பண்ணச் சொன்னா எல்லாம் கூகுள் படந்தான். அதுல ஒரு பையன் ஆவுளியா (கடல்பசு) படத்துல போட்டோகிராபர் பேரு இருந்த ஓரத்த மட்டும் கத்தரியால நறுக்கிட்டு ஒட்டியிருந்தான். ஏன்டானா "நெட்ல சும்மா கெடந்துச்சு சார்"ங்குறான்.

நான் சட்டத்த எடுக்கல. கடல்ல வலைய விட்டுட்டு ஆளு கரைக்கு வந்துட்டா அதுல உள்ள மீன நீ எடுப்பியானு கேட்டேன். வகுப்பே கத்துச்சு, மிதப்ப பாத்தாலே யாரு வலைனு தெரியுமே சார்னு. நீ நறுக்குனதும் மிதப்புதான்டானு சொன்னேன், பையன் பேசவே இல்ல.

அப்பதான் ஒரு பொண்ணு எந்திரிச்சா. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தப்ப அவ அண்ணன் எடுத்த போட்டோவ யாரோ சொந்த லோகோ போட்டு பேஸ்புக்ல விட்டுட்டாங்களாம், அண்ணன் எங்கயும் பதியலயே, அப்பவும் அவனோடதானானு கேக்குறா. ஆமாம்மா, 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி பதியணும்னு கட்டாயமே இல்ல, எடுத்த நேரத்துலயே அவனுக்கு உரிமை வந்துரும், அவன் ஆயுசுக்கும் அதுக்கப்புறம் 60 வருசமும் இருக்கும்னேன். அவ முகத்த பாக்கணுமே!

படிப்புக்குனா எல்லாம் ஃப்ரீனு நம்ம ஆசிரியர்களே நிறைய பேரு நினைக்கிறாங்க, அது சரியில்ல. வகுப்புல பாடம் நடத்துறப்ப ஆசிரியரோ மாணவரோ படி எடுக்க அதே சட்டத்தோட 52ஆவது பிரிவு இடம் குடுக்குது, ஆனா அதே சார்ட்ட வீடியோவாக்கி ஸ்கூல் யூட்யூப்ல போட்டா அந்தச் சலுகை அப்படியே கூட வரும்னு நம்பிர முடியாது.

அப்புறம் லேப்ல, எல்லாரும் எடுத்து பயன்படுத்தலாம்னு விட்ட படங்கள சேத்து வைக்கிற விக்கிமீடியா காமன்ஸ் தளத்த திறந்து தனுஷ்கோடினு தேட வச்சேன். படத்த கிளிக் பண்ணி கீழ லைசென்ஸ் என்னனு வாசிக்கணும், பிஒய்னா பேரு போடணும், எஸ்ஏனா நீ மாத்தி வெளியிட்டாலும் அதே லைசென்ஸ்தான், சிசி ஜீரோனா நிபந்தனையே இல்ல. கூகுள்லயும் டூல்ஸ்ல யூசேஜ் ரைட்ஸ் இருக்கு, ஆனா அத மட்டும் நம்பாம படம் இருக்குற பக்கத்துக்கே போய் பாக்கச் சொல்லுங்க.

இப்ப பிள்ளைங்க கடல்பாசி எடுக்குற அவங்க அம்மாக்கள அவங்க சம்மதத்தோட போட்டோ எடுத்து வச்சிருக்குங்க. காமன்ஸ்ல ஏத்தலாம்னா, வியாபாரத்துக்கு யாரும் எடுக்கக் கூடாதுனு பாதி வகுப்பு ஒத்தக் கால்ல நிக்குது, அப்படி வியாபாரத்த தடுக்குற என்சி லைசென்ஸ் போட்டா காமன்ஸ் ஏத்துக்காது, அதுனால ஏத்தலாமா வேணாமானு அம்மாக்கள்கிட்டயே கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்.