ஸ்மாஷை அசராமல் எடுத்தவர்கள்: நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

வைகைக்கரை
ரேஸ்கோர்ஸ் உள்ளரங்கின் பாட்மின்டன் ஆட்டத்தில் கண்டது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. எதிரே ஆடியவர் அறுபதைக் கடந்த பெரியவர். என் ஜோடியாக ஆடிய தம்பியின் ஸ்மாஷை (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் அடி) திருப்பி எடுக்கக்கூடியவர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைவு. தம்பி மட்டையை ஓங்கும்வரை அசையாமல் நின்ற பெரியவர், ஷட்டில் என்னும் இறகுப்பந்து அவன் மட்டையில் படுகிற அதே நொடியில், குதிகால்கள் மட்டும் தரையை விட்டு எழும்படி மிகச் சிறிதாகத் துள்ளி இறங்கினார். அவருடைய மட்டை ஒரு சாண்கூட நகர்ந்ததாகத் தெரியவில்லை. ஷட்டிலோ வலையை ஒட்டி எங்கள் பக்கம் விழுந்தது. அடுத்த ஸ்மாஷுக்கும் அதுவே நடந்தது. கை வேகத்தில் அல்ல, அந்தத் துள்ளலில்தான் சூட்சுமம் இருக்கிறதென்று நினைக்கிறேன். வேறு யாரேனும் இதைக் கவனித்ததுண்டா?

திருமங்கலத்தான்
துள்ளலை மறுக்கவில்லை, ஆனால் சூட்சுமம் பிடியில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் போட்டி ஒன்றில் நான் வலையோரம் நடுவராக அமர்ந்திருந்தபோது, ஒரு கல்லூரி மாணவியின் வலது இடுப்பைக் குறிவைத்தே எதிரணியினர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு வரும் ஷட்டிலை உள்ளங்கை முன்னோக்கும் ஃபோர்ஹேண்டில் எடுக்க முயன்றால் முழங்கை விலாவில் முட்டிக்கொள்ளும். அவரோ முழங்கையை உடலுக்கு முன்னால் நீட்டி, மட்டையை வயிற்றுக்கு நேரே தளர்வாகப் பிடித்து, எல்லாவற்றையும் புறங்கை முன்னோக்கும் பேக்ஹேண்டிலேயே எடுத்தார். ஷட்டில் படும் கணத்தில் மட்டும் பிடியின் அகலப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் அழுந்தி வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். முன்கூட்டியே இறுக்கிப் பிடித்தவர்களுக்கு அன்று எல்லாம் மேலே எகிறித்தான் போனது.

மேலூர் வடக்கு
திருமங்கலத்து நண்பர் பிடியைப் பெரிதாக்குகிறார். இரண்டுமே பிந்திய விஷயங்கள். எங்கள் பக்கத்து இரவுப் போட்டியில், நல்ல பிடியுள்ள ஒருவர் எதிர்க்காற்றில் லிஃப்டை (எதிராளியின் பின்பக்கம் நோக்கி உயர்த்தி அனுப்பும் அடி) நடு ஆடுகளத்திலேயே போட்டுக் கொடுத்து, அடுத்தடுத்து நெஞ்சில் வாங்கியதைப் பார்த்தேன். எனவே முதலில் லிஃப்டைக் கவனியுங்கள். ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், பின்கோட்டருகே லிஃப்ட் இறங்கினால் எதிராளியின் ஸ்மாஷ் தட்டையாகத்தான் வர முடியும், நடுவில் இறங்கினால் செங்குத்தாக வரும். 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் நடந்த சோதனையில் அடித்த ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று படித்துவிட்டு மலைக்க வேண்டாம். அது மட்டையை விட்டுக் கிளம்பும் நொடியின் வேகம். இறகுகள் காற்றைத் தடுப்பதால் உங்களை எட்டுவதற்குள் அதில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. ஆகவே ஓரடி பின்னால் நிற்பதே நேரம் தரும். ஒற்றையர் ஆட்டத்தில், அடித்தவர் நிற்கும் மூலைக்குக் குறுக்கே வலையருகில் தட்டிவிடுங்கள். அவர்தான் மிக நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கும். இரட்டையரில் அங்கே அவருடைய ஜோடி காத்திருப்பார் என்பதால், அவரைத் தாண்டித் தட்டையாக விரட்டுவது அல்லது ஆழமாக உயர்த்துவது நல்லது. லிஃப்ட் போட்டதும் இருவரும் பக்கத்துக்கொருவராகப் பிரிந்து நிற்க மறக்காதீர்கள். தனியாகப் பழக விரும்பினால், சுவருக்கு அருகே நின்று பேக்ஹேண்டில் விடாமல் தட்டிக்கொண்டிருங்கள்; மட்டையைப் பின்னுக்கு ஓங்கும் வீச்சைச் சுருக்க அதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

வைகைக்கரை
மேலூர் அண்ணனுக்கு நன்றி. ஆனால் பெரியவர் பின்னால் நகரவே இல்லை, லிஃப்டைப் பற்றியும் நான் கேட்கவில்லை. அந்தத் துள்ளல் எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதே என் கேள்வி.

பரங்குன்றம் சாலை
எங்கள் பயிற்சிக் களத்தில் ஒரு பையன் எதிராளி மட்டையை ஓங்கும்போதே துள்ளிவிடுவான். அடி விழும்போது அவன் பாதங்கள் தரையில் அழுந்திக் கிடக்கும், ஷட்டில் தோளில் பட்டு விழும். அவனுடைய அக்கா அடி விழுவதற்குச் சற்று முன் எழும்பி, அடி விழுந்த கையோடு இறங்குவார். ஷட்டில் எந்தப் பக்கம் கிளம்பியது என்பது அதற்குள் தெரிந்துவிடுவதால், இறங்கும் காலே அந்தப் பக்கம் தள்ளிவிடும். உங்கள் பெரியவர் எந்தக் காலை முதலில் ஊன்றினார் என்று நினைவிருக்கிறதா?