புதுப்பிப்பு: ஜிப் ஹூடியா ஜாக்கெட்டா, முடிவு பண்ணியாச்சு

மக்களே, போன தடவ கேட்டிருந்தேன்ல, லண்டன் அக்டோபர் குளிருக்கு காசு போட்டு ஒரே ஒரு நல்ல ஐட்டம் வாங்கப்போறேன், ஜப்பான் லூப்வீல் (பழைய வட்டப் பின்னல் மெஷின்ல மெதுவா பின்னின துணி) ஜிப் ஹூடி எடுக்கவா இல்ல இங்கிலாந்து பிராண்டான பாரகூட்டாவோட ஜி9 ஜாக்கெட் எடுக்கவான்னு. பாதிப் பேர் ஜாக்கெட்தான்னு அடிச்சு சொன்னீங்க. கடைசில ஹூடி எடுத்தாச்சு.

ஜி9ல குறை ஒண்ணும் இல்ல, 1937ல மான்செஸ்டர்ல ஆரம்பிச்ச கம்பெனி, உள்ள அந்த ஃப்ரேசர் டார்டன்ங்கற ஸ்காட்லாந்து கட்டம் போட்ட லைனிங் பாத்தாலே ஆசையா இருக்கும், நெருக்கமா நெய்த துணிங்கறதால காத்தும் அவ்ளோ சீக்கிரம் உள்ள வராது. ஆனா என்கிட்ட ஏற்கனவே ரெயின்கோட் இருக்கே, அதுக்குள்ள ஜி9 போட்டா ரெண்டு காலரும் முட்டிக்குது, ஹூடி ஜம்முன்னு உக்காருது. காத்த கோட் பாத்துக்கும், சூட்ட ஹூடி பாத்துக்கும்.

திருப்பூர்ல நிட்டிங் யூனிட்ல இருக்கிற மாமாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், விலைய கேட்டு தலைல அடிச்சுக்கிட்டாரு 😂 ஜப்பான்ல வக்கயாமாங்கற இடத்துல இருக்கிற அந்தப் பழைய லூப்வீல் மெஷின் மணிக்கு சுமார் ஒரு மீட்டர்தான் பின்னும், நூல இழுத்துப் பிடிக்காது, அதான் துணி இவ்ளோ மெத்துன்னு இருக்குன்னு நான் சொன்னதும், "மணிக்கு ஒரு மீட்டரா, நம்மூர்ல ஓனர் ஓடியே போயிருவாரு மாப்ள"ங்கறாரு.

ஜிப் பத்தி கேட்ட தம்பிக்கு: மேலயும் கீழயும் திறக்குற ஜிப் இருக்கறதா பாத்து எடுங்க, உக்காரும்போது கீழ கொஞ்சம் திறந்துவிட்டா வயித்துகிட்ட உப்பிக்கிட்டு நிக்காது. துவைச்சா காய லேட்டாகுது, அதுக்காக டிரையர்ல போட்றாதீங்க, சுருங்கிரும்.