நான் முடித்த வயரிங்கில் அடுத்தவர் கை வைத்தால் பெயர் கெடுவது யாருக்கு?

செம்மண்டலம் வயர்மேன்:
கடலூரில் ஒரு மாடி வீடு. கன்சீல்டு வயரிங் முழுக்க நான்தான். கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று என இரண்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டு, வயர் இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் வைத்துப் பார்த்து, ஓனர் கண்முன் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டி ஒப்படைத்தேன். அப்புறம் வந்தார்கள் பாருங்கள், ஏசி மாட்டுகிறவர், கிச்சன்காரர், பால்ஸ் சீலிங் ஆட்கள். இரண்டு வாரம் கழித்து ஓனர் போன்: "என்ன தம்பி வேலை இது, மாடியில லைட்டப் போட்டா கீழ ஹால் இருட்டாயிடுது."

போய்ப் பார்த்தால், சீலிங் பட்டி லைட்டுக்கு பேஸ் (கரண்ட் வருகிற வயர்) மாடி லைனில், நியூட்ரல் (கரண்ட் திரும்புகிற வயர்) படிக்கட்டு பாக்ஸில் கீழ் லைனோடு முறுக்கியிருக்கிறது. ட்ரிப் ஆகாமல் என்ன செய்யும்? அதைவிடக் கொடுமை, முதலில் மாடி ஆர்சிசிபியும் விழுந்திருக்கிறது, அவர்கள் கூட்டி வந்த ஆள் அதைத் தாண்டி டைரக்டாக லைன் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாடி பாத்ரூமில் கீசர் இருக்கிறது. நாளைக்கு யாருக்காவது ஷாக் அடித்தால் கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் இருப்பது யார் கையெழுத்து? நீங்கள் எல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய கம்பியாள்:
தம்பி, முதலில் அந்த ஆர்சிசிபியை லைனில் சேர்த்துவிட்டு வாங்க, பேச்சு அப்புறம்.

நான் செய்வது இதுதான். பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரிகிற மாதிரி போட்டோ. 500 வோல்ட் மெகரில் வந்த அளவை லைன் வாரியாக எழுதி ஓனரிடம் தேதியோடு கையெழுத்து. ஆர்சிசிபி இருக்கிற டிபி பெட்டியின் ஸ்க்ரூ தலையில் வீட்டம்மாவின் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு, திறந்தால் விரிசல் விட்டுக் காட்டிக் கொடுத்துவிடும் (திட்டு எனக்குத்தான், பாட்டில் சீக்கிரம் காலியாகிறது).

ஓனருக்கு இப்படிச் சொல்லுங்க: 40 வாட் லைட்டே 170 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், போன கரண்ட் அதே வழியில் திரும்பாததால் எங்கேயோ கசிகிறது என்று ஆர்சிசிபி விழுகிறது, அதற்கு 30 மில்லி ஆம்பியர் வித்தியாசமே போதும்.

லாஸ்பேட்டை சீலிங்:
எல்லாப் பழியும் எங்கள் தலையிலா? வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், புதன்கிழமை ராத்திரி எங்களை உள்ளே விடுகிறார்கள். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பாக்ஸைத் திறந்தால் ஆறு கறுப்பு வயர், ஒன்றிலும் டேக் கிடையாது, எது மாடி எது கீழ் என்று ஜோசியமா பார்ப்பது? போன மாதம் முத்தியால்பேட்டையில் சுவரில் டிரில் போட்டேன், சுவிட்சுக்கு நேர் மேலே இல்லை, நாலடி தள்ளி, அங்கேயும் பைப். சாய்வாகக் காடி வெட்டிக் கொண்டு போயிருக்கிறார் புண்ணியவான். சீலிங்குக்கு என்று ஒரு லைனைத் தனியாக இழுத்துத் தொங்கவிடுங்கள், உங்கள் பாக்ஸ் பக்கமே வரமாட்டோம். டைரக்ட் கொடுத்தது மட்டும் மகா தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

வீட்டுக்காரி:
ட்ரிப் ஆவது நம்மைக் காப்பாற்றத்தான் என்று எங்கள் வீட்டில் வேலை செய்த யாருமே சொன்னதில்லை. மட்டமான சாமான் போட்டுவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாயைத் திறந்து சொல்லுங்கப்பா.

செம்மண்டலம் வயர்மேன்:
லாஸ்பேட்டை அண்ணே, டேக் போடாதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். இனி நியூட்ரலுக்கும் நம்பர் உண்டு. இன்று போய் நியூட்ரலைப் பிரித்து மாற்றி, ஆர்சிசிபியையும் லைனில் சேர்த்து, இரண்டையும் டெஸ்ட் பண்ணிவிட்டேன். கூலி 500 கேட்டேன். சீலிங்காரரிடம் வாங்கிக்கொள் என்கிறார் ஓனர். சீலிங்காரர் போனை எடுக்கவில்லை.