சரிவு நிலத்தில் வீடு: ஸ்வீட் ஹோம் 3டி-யில் அஸ்திவாரச் சுவருக்கு வேறு வேறு உயரம் வைப்பது எப்படி?

ஜாதிக்காய் வீட்டுக்காரி, பாலிக் புலாவ், பினாங்கு (மலேசியா)

வணக்கம். அப்பாவின் நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டப் போகிறோம். மேட்டில் ரோடு, அங்கிருந்து பின்னால் டுரியான் மரங்கள் வரை ஒரே சரிவு. வீடு முன்னிருந்து பின்னுக்கு 12 மீட்டர், அகலம் 9 மீட்டர், மாடி கிடையாது.

போன ஞாயிறு நானும் அப்பாவும் டியூப் லெவல் பிடித்தோம். மேலே அவர் ஒரு கம்போடு, கீழே நான் ஒரு கம்போடு, நடுவில் தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய். குழாயில் காற்றுக் குமிழி நின்றதைக் கவனிக்காமல் முதல் தடவை அளந்ததெல்லாம் வீண். விரலால் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு மறுபடி பிடித்தோம்: முன்மூலைக்கும் பின்மூலைக்கும் 120 செ.மீ. வித்தியாசம். முன்னால் வீட்டுத் தரை மண்ணிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. அப்படியானால் பின்னால் அதே தரை 150-இல் நிற்கும்.

கான்ட்ராக்டர் கொடுத்த காகிதத்தில் சுற்றிலும் ஐந்தடிச் சுவர் என்று போட்டிருக்கிறது. "பின்னால எவ்வளவோ அதே கணக்குதாம்மா முன்னாலயும்" என்கிறார். சும்மா வாயால் பேசினால் அவரிடம் ஜெயிக்க முடியாது, படம் வேண்டும்.

வீட்டுப் படம் போடும் மென்பொருளில் ஸ்வீட் ஹோம் 3டி இலவசம் என்பதால் அதைத்தான் வைத்திருக்கிறேன். சுவரின் உயரத்தை மாற்றினால் மேல் விளிம்பு மட்டும் ஏறி இறங்குகிறது, கீழ் விளிம்பு அசையவே மாட்டேன் என்கிறது. சாய்வுச் சுவர் என்று ஒரு தேர்வு இருக்கிறதே என்று அதையும் பார்த்தேன். அதுவும் மேலேதான் சாய்கிறது. மாட்டுக் கொட்டகை மாதிரி வருகிறது. நைட் ஷிப்ட் இல்லாத மூன்று ராத்திரி இதிலேயே போச்சு. மேல் மட்டம் ஒன்றாக, அடி மட்டும் படிப்படியாக இறங்க வழி உண்டா?

இரவுப்பூனை, பட்டர்வொர்த்

அக்கா, அந்த மென்பொருளில் சுவரின் அடி எப்போதும் அது நிற்கிற லெவலில்தான் (மாடி மாதிரி, நாமே உயரம் கொடுக்கிற தளமட்டம்) இருக்கும். அதனால் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், லெவலை மாற்றுங்கள்.

முதலில் பூஜ்யம் எங்கே என்று முடிவு செய்யுங்கள். அதில் தரை ஒரே சமமாக, பூஜ்யத்தில் கிடக்கும். சரிவு என்பதே அதற்குத் தெரியாது. பின்பக்கத்து மண்ணைப் பூஜ்யமாக வையுங்கள். வீட்டின் லெவல் 150. தளத்தின் கனம் 10 என்று கொடுத்தால் அது 150-இலிருந்து கீழ்நோக்கிப் போகும், ஆகவே அஸ்திவாரச் சுவர் எல்லாம் 140-இல் முடிய வேண்டும். 150 வரை இழுத்தால் சுவரும் தளமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து 3டி-யில் மினுமினுக்கும்.

இப்போது பக்கச் சுவரை நாலு நாலு மீட்டராக மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு லெவல்: 65, 25, கழித்தல் 15. சுவர் உயரம் 75, 115, 155. கூட்டிப் பாருங்கள், மூன்றுமே 140-இல் வந்து நிற்கும். முன் சுவர் முதல் லெவலில், பின் சுவர் கடைசி லெவலில். எல்லா லெவலும் ஒன்றாகத் தெரியும்படி 3டி மெனுவில் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி வீட்டைக் காணோம் என்று பதறுவீர்கள்.

சரிவுக்கு ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. உங்களைக் கடுப்பேற்றிய அதே சாய்வுச் சுவர்தான். தனி லெவலில் 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர் போட்டு, கனம் 15 மீட்டர் கொடுங்கள். ஆமாம், மீட்டர்தான். முன்முனை உயரம் 120, பின்முனை 1 செ.மீ. மேல்பக்கத்துக்குப் பச்சை நிறம். மண்மேடு ரெடி.

சிமெண்டுத் தூசி, புக்கிட் மெர்தாஜாம்

தம்பி சொன்னது படத்துக்குச் சரி. நான் சைட்டில் முப்பது வருஷம் நின்றவன், என் பங்குக்கு ஒன்று.

அமெரிக்காவில் "அஸ்திவாரச் சுவர்" என்றால் சுற்றிலும் ஓடும் கான்கிரீட் சுவர். அங்கே குளிரில் மண் உறைந்து உப்பிக்கொள்ளும், அதனால் உறையும் ஆழத்துக்குக் கீழே போய் உட்கார வேண்டும். நமக்கு அந்தத் தலைவலி இல்லை. இங்கே வீட்டைத் தாங்குவது ஸ்டம்ப்பும் (வீட்டுக்கு அடியில் நிற்கும் குட்டைத் தூண்) கிரவுண்ட் பீமும் (தூண்களை இணைக்கும் கான்கிரீட் உத்திரம்). உங்கள் நிலத்தில் உயரம் மாறப்போவது முதலில் ஸ்டம்ப்தான். முன்னால் குட்டை, பின்னால் நெட்டை. பீமுக்குக் கீழே வருகிற செங்கல் சும்மா மறைப்பு.

ஆனால் சும்மா மறைப்பு என்பது உள்ளே காலியாக இருந்தால் மட்டும். தங்கச்சி, தளத்துக்கு அடியில் மண் நிரப்பப் போகிறார்களா, இல்லை சஸ்பெண்டட் ஸ்லாப்பா (மண்ணில் படாமல் பீம் மேல் நிற்கும் தளம்)? இதைக் கேட்காமல் சுவர் உயரத்துக்குச் சண்டை போடாதீர்கள். பின்பக்கம் ஐந்தடி மண் நிரப்பினால் அந்தச் சுவரை மண் வெளியே தள்ளும். மழைத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2017 நவம்பர் மழையில் பினாங்கு மேட்டில் மண் எப்படி இறங்கியது என்று பார்த்தோமே. அரைச் செங்கல் கனமுள்ள சுவர் அதற்கு நிற்காது. இஞ்சினியர் கணக்குப் போட்டுக் கான்கிரீட் சுவராகக் கொடுக்க வேண்டும், தண்ணீர் வெளியேற ஓட்டையும் வேண்டும். மேலே ரோடு இருக்கிறதால் வீட்டுக்கு முன்னால் ஒரு நல்ல லோங்காங்கும் (வடிகால்) வேண்டும்.

மண் என்றால் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு அடியில் முன்னால் 20 செ.மீ., பின்னால் 140, சராசரி 80. உங்கள் 12-க்கு 9 வீட்டுக்கு 86 கன மீட்டர் வருகிறது. இடித்து இறுக்கினால் அதைவிட அதிகம் கொட்ட வேண்டும். கொட்டேஷனில் மண்ணுக்கு ஒரு வரி இருக்கிறதா?

ஜாதிக்காய் வீட்டுக்காரி

இரண்டு பேருக்கும் நன்றி. படம் வந்துவிட்டது, ஆனால் உடனே இல்லை. லெவல் 65 எதற்கு, முன்னால் மண் 120 ஆயிற்றே என்று புத்திசாலித்தனமாக 105 வைத்தேன். பச்சை மேட்டைப் போட்டதும் நாலாவது மீட்டரில் சுவருக்கு அடியில் 25 செ.மீ. சந்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறது. ஒரு பூனை தாராளமாகப் போய் வரலாம். துண்டின் மேல்முனையைப் பார்க்கக் கூடாது, கீழ்முனை மண்ணைப் பார்த்து அதற்கும் 15 கீழே போக வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது.

கணக்கும் போட்டேன். சுற்றிலும் 155 என்றால் ஒரு பக்கச் சுவர் 18.6 சதுர மீட்டர், படிப்படியாக என்றால் 13.8. இரண்டு பக்கமும் முன் சுவரும் சேர்த்து 16.8 சதுர மீட்டர் குறைகிறது. இதைக் காட்டியதும் கான்ட்ராக்டர் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "சரி, முன்னால குறைச்சிக்கலாம்" என்றார். அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

உள்ளே மண்ணா ஸ்லாப்பா என்று கேட்டேன். மண்தானாம். கொட்டேஷனில் எந்த வரியில் இருக்கிறது என்றேன்.

"மண்ணு தனிம்மா."

சிமெண்டுத் தூசி

நினைத்தேன். கையெழுத்துப் போடவில்லையே?

ஜாதிக்காய் வீட்டுக்காரி

இல்லை அண்ணே. புதன்கிழமை இஞ்சினியரோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டம்ப்பையும் படத்தில் நட்டு வைக்கிறேன், எத்தனை அடிக்கு ஒன்று என்று அவர் வந்து சொல்லட்டும்.