திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் வசிப்பவர்கள் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

செங்கோட்டைவாசி:
அனைவருக்கும் வணக்கம். கடந்த நவராத்திரியின்போது புனலூர், கொல்லம் வழியாக ரயிலில் திருவனந்தபுரம் சென்றிருந்தோம். பத்மநாபசுவாமி கோயிலில் தரிசனம் முடிந்ததும் அருகிலுள்ள அக்ரகாரத் தெருக்களைச் சுற்றிப் பார்த்தோம். ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் எங்கள் ஊரை நினைவூட்டியதால், என் மைத்துனர் மகன் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டான். உள்ளிருந்து வந்த வயதான அம்மாள் எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை.

2024 ஜூலையில் பார்சிலோனா நகரத்து மக்கள் ஊர்வலமாகச் சென்று, உணவகங்களில் அமர்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் நீர் பீய்ச்சிய செய்தியைப் படித்தபோது அந்த அம்மாளின் முகம்தான் என் முன் வந்தது. வீட்டு வாடகை உயர்ந்து சொந்த ஊரிலேயே குடியிருக்க முடியாமற்போனது அவர்களுடைய கோபத்திற்கு முக்கியக் காரணம். நம் பக்கத்து நகரத்தில் இருப்பவர்களுக்கும் இப்படி ஏதேனும் மனக்குறை உண்டா? இந்த ஆண்டும் வர விரும்புகிறோம். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மறைக்காமல் கூறுங்கள்.

கோட்டைத்தெரு:
தங்கள் கேள்விக்கு நன்றி. நான் பிறந்ததிலிருந்து கோட்டைக்குள்தான் வசிக்கிறேன். அந்த அம்மாள் யாரென்று தெரியாவிட்டாலும், அவர் ஏன் கதவைச் சாத்தினார் என்பது எனக்குப் புரிகிறது. திண்ணை என்பது முற்காலத்தில் வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்காகவும் கட்டப்பட்டதுதான். ஆகவே தங்கள் உறவுப் பையன் அதில் உட்கார்ந்தது பெருங்குற்றம் அன்று. ஆனால் அக்காலத்து வழிப்போக்கர் "அம்மா, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா" என்று கேட்டுவிட்டு உட்காருவார். வீட்டாருக்கும் அவருக்கும் இடையில் ஒரு பேச்சு இருக்கும். இப்போது வருபவர்களில் பலர் வீட்டைப் பார்க்கிறார்களே தவிர, வீட்டுக்குள் இருப்பவர்களைப் பார்ப்பதில்லை. இந்த வீடுகளில் திண்ணையை அடுத்து ரேழி, ரேழியை அடுத்துக் கூடம். வாசலில் நின்று படம் எடுத்தால் கூடத்தில் படுத்திருக்கும் நோயாளியும் அந்தப் படத்தில் விழுவார். என் தகப்பனார் கடைசி ஆறு மாதம் அப்படித்தான் படுத்திருந்தார். நாங்கள் பகலிலும் கதவைச் சாத்தி வைத்திருந்தோம்.

2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்ற ஆணைப்படி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டு, உள்ளே ஏராளமான தங்கம் இருப்பது தெரியவந்த பிறகு நிலைமை வெகுவாக மாறியது. காவல் பலப்படுத்தப்பட்டது, அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஆனால் சாமியைப் பார்க்க வந்தவர்கள் போய், தங்கத்தைப் பற்றிக் கேட்க வருபவர்கள் அதிகமானார்கள். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணை நிறுத்தி, அப்போது திறக்கப்படாமல் விடப்பட்ட அறையைக் குறித்து, "பி நிலவறைக்குள் என்னதான் இருக்கிறது?" என்று கேட்பவர்களை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் பத்மநாபசுவாமி பெருமாள். காலையில் எழுந்ததும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு வாழ்கிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது மனத்தை எவ்வளவு நோகச் செய்யும் என்பதைத் தாங்கள் உணர்வீர்கள் என்று நம்புகிறேன்.

கூட்டத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஐப்பசியிலும் பங்குனியிலும் சாமியை நீராட்டக் கொண்டுசெல்லும் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும்போது விமான ஓடுபாதையே சில மணி நேரம் மூடப்படுகிறது. அத்தகைய ஊர் கூட்டத்துக்குப் பழகியதுதான்.

சாலைக்கடை:
எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிறது. வெளியூர்க்காரர்கள் வராவிட்டால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆகவே கோட்டையில் இருப்பவர்கள் சொல்வதை முழுவதும் என்னால் சொல்ல முடியாது. எனக்குள்ள வருத்தம் பேச்சு முறையைப் பற்றியது. இங்கே பெரும்பாலோருக்குத் தமிழ் புரியும். தாராளமாகத் தமிழில் பேசலாம். ஆனால் நாம் மரியாதையாகச் சொல்லும் "நீங்கள்" என்ற சொல்லுக்கு இணையான "நிங்ஙள்", மலையாளத்தில், குறிப்பாகத் தென்கேரளத்தில், பெரியவர்களிடம் அவ்வளவு மரியாதையாக ஒலிப்பதில்லை. "சேட்டா", "சேச்சி", முதியவராக இருந்தால் "அம்மாவா" (மாமா) என்று உறவுமுறை வைத்து அழைத்துவிட்டு, பிறகு தமிழிலேயே தொடருங்கள். நம் ஊரில் "அண்ணாச்சி" என்று அழைத்தால் முகம் மலர்வதைப் போலவே இங்கும் நடக்கும். தெரியாமல் "நிங்ஙள்" என்று தொடங்கிவிட்டு, எதிரில் இருப்பவர் ஏன் முறைக்கிறார் என்று விளங்காமல் நின்ற தமிழர்களுக்கு நான் பலமுறை விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

கரமனை:
பெண்கள் சார்பில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். ஆற்றுக்கால் பகவதி அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடும் பொங்காலைத் திருநாளன்று நகரத்துத் தெருக்களெல்லாம் அடுப்புகளாகிவிடும். 2009ஆம் ஆண்டில் 25 லட்சம் பெண்கள் கலந்துகொண்டதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. விரதம் இருந்து, உச்சி வெயிலில் புகைக்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் முகத்துக்கு அருகில் கைபேசியை நீட்டுபவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். தூரத்தில் நின்று எடுங்கள். அருகில் வர வேண்டுமானால் கேளுங்கள். நாங்கள் வேண்டாம் என்று சொல்வது அரிது. அடுப்புக்கு வைத்த செங்கல்லை யாரும் காலால் தள்ளக் கூடாது. அந்தக் கற்கள் பின்னர் ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுகின்றன.

பாறசாலை:
மேலே கூறியவற்றை ஏற்கிறேன் என்றாலும், குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை. தமிழில் பேசியதும் ஆட்டோ கட்டணத்தைக் கூட்டிச் சொல்பவர்களும், "பாண்டி" என்று இளக்காரமாகப் பேசுபவர்களும் நகரத்தில் இருக்கிறார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியாக நகரத்துக்குள் எழுந்தருளும்போது வழிநெடுக விளக்கேற்றி வரவேற்கிறார்களே, அந்தத் தெய்வங்கள் வருவதும் இன்றைய தமிழ்நாட்டிலிருந்துதான். அவற்றின் பின்னால் வரும் மனிதர்களையும் அதே மரியாதையோடு நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

செங்கோட்டைவாசி அவர்களுக்கு ஒரு தகவல்: நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி கேட்கப் போனால் கைதட்டாதீர்கள். அது சரஸ்வதிக்குச் செய்யும் வழிபாடு என்பதால் அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை.

செங்கோட்டைவாசி:
அனைவருக்கும் நன்றி. நாங்கள் சென்ற ஆண்டு கைதட்டிவிட்டோம் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை பையனை அழைத்துக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். அது அவருக்கு மேலும் தொந்தரவாக இருக்குமா?

கோட்டைத்தெரு:
மன்னிப்புக் கேட்பதற்கென்று பகலில் கதவைத் தட்ட வேண்டாம். நவராத்திரியில் எங்கள் தெருவில் பல வீடுகளில் கொலு வைப்பார்கள்; விளக்கேற்றிய பிறகு கதவு திறந்திருக்கும். அந்த வீடும் திறந்திருந்தால், தங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் சென்று, "கொலு பார்க்க வந்தோம், வரலாமா?" என்று கேட்கட்டும். சுண்டல் வாங்கிக்கொள்ளும்போது பையன் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும்.